வாக்கெடுப்பு வரை கொண்டுபோவது: கலிஃபோர்னியாவில் சிங்கிள் பேயர் மருத்துவத்துக்காக வாதாட ஒரு முழுமையான வழிகாட்டி

2022 ஜனவரி 31. கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் கீழவையான அசெம்ப்ளியில் ஏபி 1400 என்ற மசோதாவுக்கு அன்று கடைசி நாள். மாநிலத்தில் வசிக்கும் எல்லோருக்கும் ஒரே மருத்துவத் திட்டம், அதற்கு ஒரே நிதி என்று சொன்ன மசோதா அது. இந்த முறைக்குத்தான் சிங்கிள் பேயர் என்று பெயர். கொண்டுவந்தவர் சான் ஹோசே பகுதி உறுப்பினர் ஆஷ் கால்ரா. வாக்குகள் போதாது என்று கண்டு, கடைசியில் அவரே அதை வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை. அன்றோடு மசோதா காலாவதியானது. 80 பேர் கொண்ட அவையில் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்ற பதிவே இல்லாமல் போயிற்று.

அந்த நாளிலிருந்துதான் இந்த வழிகாட்டியைத் தொடங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் சிங்கிள் பேயர் மசோதாக்கள் பெரும்பாலும் வாக்கெடுப்பில் தோற்பதில்லை, வாக்கெடுப்புக்கு வராமலே சாகின்றன. அதனால் ‘ஆதரவு திரட்டுவோம்’ என்று பொதுவாகக் கிளம்பினால் போதாது. மசோதா எந்தக் கமிட்டியில், எந்தத் தேதியில், யார் கையில் சத்தமில்லாமல் நிறுத்தப்படும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்க வேண்டும்.

எனக்கு இந்த வேலையில் அக்கறை வந்தது வேலை போனபோது. எச்-1பி வேலை விசாவில் இருந்தேன், வேறு வேலை தேட 60 நாள் அவகாசம். அதே வாரம், வேலை போனபின்னும் கம்பெனிக் காப்பீட்டைத் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டத்தின்படி ஒரு கடிதம் வந்தது. அதுவரை கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் நானே கட்டலாம், அதற்கு மேல் நிர்வாகச் செலவுக்கு 2% என்றது. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வேலையும் விசாவும் பிரசவச் செலவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

எதைக் கேட்கிறோம் என்பதில் முதலில் தெளிவு

நம்மவர்களிடம் சிங்கிள் பேயர் என்று சொன்னதும் பலருக்கு ஊரில் உள்ள அரசு ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு. அரசு ஆஸ்பத்திரியில் கட்டடமும் டாக்டரின் சம்பளமும் அரசுடையவை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் ஏறக்குறைய அந்த வகை. சிங்கிள் பேயரில் டாக்டர் தனியாகத்தான் கிளினிக் நடத்துகிறார், ஆஸ்பத்திரியும் அரசுடையதாக இருக்க வேண்டியதில்லை. பில்லைக் கட்டுவது மட்டும் ஒரே இடம், ஒரே நிதி. கனடா அப்படித்தான் நடக்கிறது. டொரன்டோவின் ஸ்கார்பரோவில் உறவினர் இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஓஹிப் என்ற மாகாணக் காப்பீட்டு அட்டையைக் காட்டி டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார்கள். நெட்வொர்க் (காப்பீடு ஏற்கும் டாக்டர்களின் பட்டியல்), டிடக்டிபிள் (காப்பீடு கட்டத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை) என்ற சொற்களை நாம் விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தக் கனடாத் திட்டம் தலைநகர் ஒட்டாவாவில் தொடங்கியதல்ல. 1946இல் சஸ்காட்சவன் மாகாணத்தின் ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரம் தன் மக்களுக்குத் தானே ஒரு பொதுத் திட்டம் தொடங்கியது. 1947இல் டாமி டக்ளஸின் மாகாண அரசு ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றது. 1962 ஜூலை 1இல் டாக்டர் கட்டணமும் பொது நிதிக்கு வந்தபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் தாக்குப்பிடித்தது. மத்திய அரசின் சட்டம் 1966இல்தான் வந்தது. ‘இதெல்லாம் வாஷிங்டன் செய்ய வேண்டியது, மாநிலத்தால் என்ன ஆகும்?’ என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சஸ்காட்சவன் கதை.

உங்கள் வீட்டுக் கணக்கை எடுங்கள்

அடுத்தவருக்குப் புள்ளிவிவரம் சொல்வதற்கு முன் கம்பெனி ஆண்டுதோறும் தரும் உங்கள் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தை எடுங்கள். 12ஆம் பெட்டியில் ‘டிடி’ என்ற குறியீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். உங்கள் குடும்பத்தின் இன்ஷூரன்ஸுக்கு நீங்களும் கம்பெனியும் சேர்ந்து அந்த ஆண்டு கட்டிய மொத்தம் அது. பலர் அதைக் கவனித்ததே இல்லை. 2024இல் கம்பெனி வழி குடும்பக் காப்பீட்டின் சராசரிச் செலவு அமெரிக்கா முழுவதிலும் 25,572 டாலர் என்று கேஎஃப்எஃப் என்ற மருத்துவக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது. அதில் ஊழியர் நேரடியாகக் கட்டியது 6,296 டாலர். மீதியைக் கம்பெனி கட்டுகிறது என்கிறோம். ஆனால் உங்கள் சம்பளமாக வந்திருக்கக்கூடிய பணம்தான் அது.

அந்தத் தொகையோடு சென்ற ஆண்டு கட்டிய டிடக்டிபிள், கோ-பே, பல் மருத்துவம், நெட்வொர்க்குக்கு வெளியே போன பில் எல்லாவற்றையும் கூட்டி, ஒரே தாளில் ஒரே எண்ணாக எழுதி வையுங்கள். இனி வரி பற்றி யார் கேட்டாலும் இந்த எண்ணை வைத்துத்தான் பேச வேண்டும். ‘புது வரி எவ்வளவு?’ என்பது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, ‘அது வந்தால் இந்த எண்ணில் எவ்வளவு போய்விடும்?’ என்பது.

இன்னொரு எண்ணும் கையில் இருக்கட்டும். கலிஃபோர்னியாவின் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 71% ஏற்கெனவே வரிப்பணத்திலிருந்துதான் போகிறது என்று 2016இல் யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டின் கலிஃபோர்னியா வடிவமான மெடி-கால், அரசு ஊழியர் காப்பீடு, கம்பெனிக் காப்பீட்டுக்கான வரிச்சலுகை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. எல்லோருக்கும் பொதுவான திட்டத்துக்கான செலவில் பெரும்பங்கை நாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். திட்டம்தான் நம்மிடம் இல்லை.

செத்த மசோதாக்களைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். உறுப்பினரின் அலுவலகத்தில் இருக்கும் இளம் உதவியாளருக்கு இந்த வரலாறு பாதிதான் தெரிந்திருக்கும். உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருந்தால் பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

கலிஃபோர்னியாவில் 1994இல் சிங்கிள் பேயருக்கான 186ஆம் முன்மொழிவு நேராக மக்கள் வாக்குக்குப் போய்ப் பெருவாரியாகத் தோற்றது. மாநில செனட்டர் ஷீலா கியூல் கொண்டுவந்த எஸ்பி 840 (எஸ்பி என்றால் மேலவையான செனட்டின் மசோதா, ஏபி என்றால் அசெம்ப்ளி மசோதா) இரு அவைகளிலும் நிறைவேறி ஆளுநரின் மேசைக்கே போனது. 2006இலும் 2008இலும் குடியரசுக் கட்சி ஆளுநர் ஸ்வார்ட்ஸ்நெகர் வீட்டோ செய்தார். பிறகு ஜனநாயகக் கட்சி ஆளுநர்கள் வந்தார்கள். மசோதாக்கள் ஆளுநர் மேசைக்குப் போவது அத்தோடு நின்றது. 2012 ஜனவரியில் எஸ்பி 810க்கு செனட்டில் 21 வாக்கு தேவை, 19தான் கிடைத்தது. ஆளுங்கட்சியிலேயே சிலர் வாக்களிக்காமல் இருந்துவிட்டார்கள். 2017 ஜூனில் எஸ்பி 562 செனட்டைக் கடந்தது. அசெம்ப்ளித் தலைவர் ஆன்டனி ரெண்டன், நிதிக்கு வழி சொல்லாத அரைகுறை மசோதா என்று அதை ஓரம்கட்டினார். 2022இல் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். 2024 மே மாதம் கால்ராவின் ஏபி 2200 அசெம்ப்ளி நிதிக் கமிட்டியில் நின்றுபோனது.

வீட்டோ செய்யக்கூடிய ஆளுநர் இருந்தபோது ‘ஆம்’ என்று வாக்களிப்பதில் ஆபத்து இல்லை. கையெழுத்திடக்கூடிய ஆளுநர் வந்தபின் மசோதா அவரிடம் போய்ச் சேருவதே இல்லை. கவின் நியூசம் 2018 ஆளுநர் தேர்தலில் சிங்கிள் பேயரை ஆதரித்துப் பிரசாரம் செய்துதான் வென்றார் என்பதை நினைவில் வையுங்கள்.

வெர்மாண்ட் தாண்டியது அரைக் கிணறு. அங்கே 2008இல் வெர்மாண்ட் தொழிலாளர் மையம் என்ற அமைப்பு, மருத்துவம் மனித உரிமை என்ற முழக்கத்தோடு ஊர் ஊராகப் போய் மக்களின் கதைகளைச் சேகரித்தது. 2010இல் பீட்டர் ஷம்லின் சிங்கிள் பேயர் கொண்டுவருவேன் என்று சொல்லி ஆளுநரானார். தைவானின் தேசியக் காப்பீட்டை வடிவமைத்ததில் பங்குபெற்ற ஹார்வர்ட் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷியாவ் வெர்மாண்டுக்கு ஒரு வரைவைத் தந்தார். 2011 மே மாதம் 48ஆம் சட்டம் கையெழுத்தானது. அதுவரை எந்த மாநிலமும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அந்தச் சட்டத்தில் பணம் எங்கிருந்து வரும் என்பது மட்டும் இல்லை. நிதித் திட்டத்தை 2013 ஜனவரியில் தர வேண்டும் என்று சட்டமே கெடு வைத்திருந்தது. தரவில்லை. இடையில் ஒபாமாகேர் என்ற மத்தியக் காப்பீட்டுச் சட்டத்துக்காக மாநிலம் தொடங்கிய இணையதளம் படாத பாடு படுத்தி, அரசால் எதையும் ஒழுங்காக நடத்த முடியாது என்ற எண்ணத்தை மக்களிடம் விதைத்தது. 2014 தேர்தலில் ஷம்லின் தோல்வியின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். அந்த டிசம்பரில் கணக்கு வெளிவந்தது: முதலாளிகளுக்கு 11.5% சம்பள வரி, குடும்பங்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 9.5% வரை. அதே நாள் ஆளுநர் திட்டத்தைக் கைவிட்டார். அந்த வரி வாக்கெடுப்புக்கு வரவே இல்லை.

இதில் நான் கற்றது ஒன்று. வரியைக் கடைசியில் சொல்லலாம் என்று ஒத்திவைத்தால், எதிரிகள் அதைத் தங்கள் சொற்களில் முதலில் சொல்லிவிடுகிறார்கள். பிரீமியம் போவதை யாரும் சொல்வதில்லை, வரி வருவது மட்டும் காதில் விழுகிறது.

கொலராடோ வேறு பாடம். அங்கே 2016இல் 69ஆம் திருத்தம் வரியை ஒளிக்கவில்லை. சம்பளத்தில் 10% என்றும், அதில் முதலாளி 6.67%, ஊழியர் 3.33% என்றும் வெளிப்படையாகச் சொன்னது. ஏறத்தாழ 79% மக்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். பொதுப்பணத்தில் கருக்கலைப்புக்கு அம்மாநில அரசியல் சாசனம் விதித்திருந்த தடை புதிய திட்டத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று பெண்ணுரிமை அமைப்பினரே எதிர்த்தார்கள். ஆளுநரும் எதிர்த்தார். அங்கே வெளிப்படைத்தன்மை இருந்தது. கூட்டாளிகளை முன்பே சேர்த்துப் பேசும் வேலைதான் நடக்கவில்லை.

மூன்று சுவர்கள்

எந்த மாநிலத்திலும் இந்த மூன்றும் வரும். சட்டம் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளக்கூடியவைதான்.

முதல் சுவர் மத்திய அரசின் பணம். மெடிகேரும் மெடிகெய்டும் வாஷிங்டன் தரும் பணத்தில் நடப்பவை. அந்தப் பணத்தை மாநில நிதிக்குள் கொண்டுவர ‘வெய்வர்’ என்ற விதிவிலக்கு வேண்டும். மெடிகெய்டுக்கு 1115ஆம் பிரிவு, ஒபாமாகேர் மானியத்துக்கு 1332ஆம் பிரிவு. 1332இல் நிபந்தனைகள் உண்டு. பலன்கள் குறையக் கூடாது, மக்களின் செலவு ஏறக் கூடாது, காப்பீடு உள்ளோர் எண்ணிக்கை குறையக் கூடாது, மத்திய அரசின் பற்றாக்குறை கூடக் கூடாது. மெடிகேரை மாநிலத்திடம் ஒப்படைக்க இப்படி நேரான வழி இல்லை. ஆனால் மேரிலாந்தில் 1977 முதல் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை மாநில ஆணையம் நிர்ணயிக்கிறது, மெடிகேரும் விதிவிலக்கின் பேரில் அதையே கட்டி வந்திருக்கிறது. முடியவே முடியாது என்பவர்களுக்கு இந்த உதாரணம் போதும். என்றாலும் அனுமதி தரும் நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது பெரிய விஷயம். 2018இல் மத்திய அரசின் மெடிகேர், மெடிகெய்டு நிர்வாகியாக இருந்த சீமா வர்மா சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே வந்து, மாநில சிங்கிள் பேயருக்கு வெய்வர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தச் சுவரில் கதவு வைக்க அமெரிக்க காங்கிரஸில் ரோ கன்னா மாநிலங்களுக்கான ஒரு மசோதாவைக் கொண்டுவந்திருக்கிறார். உங்கள் மத்தியப் பிரதிநிதியிடம் கேட்க வேண்டியது அந்த மசோதாவுக்கான ஆதரவைத்தான்.

இரண்டாவது சுவர் எரிசா, 1974இல் வந்த மத்தியச் சட்டம். கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் பலன் திட்டங்களில் மாநிலம் கைவைக்கக் கூடாது என்கிறது. பெரிய கம்பெனிகள் பல, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அட்டையைக் கொடுத்தாலும் கிளெய்முக்குத் தங்கள் சொந்தப் பணத்தையே கட்டுகின்றன. கம்பெனிக் காப்பீட்டில் இருக்கும் ஊழியர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் அப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள். நம் ஐடி குடும்பங்கள் பலவும் அதற்குள் அடக்கம். அந்தத் திட்டங்களை மாநிலம் தடை செய்ய முடியாது. ஆனால் எல்லா முதலாளிகளுக்கும் பொதுவாகச் சம்பள வரி விதிக்கலாமா என்பது வேறு கேள்வி. மேரிலாந்தில் பெரிய முதலாளிகளைக் குறிவைத்த சட்டத்தை 2007இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே, ஊழியர் மருத்துவத்துக்கு முதலாளிகள் குறிப்பிட்ட தொகை செலவிட வேண்டும் என்ற சான் ஃபிரான்சிஸ்கோவின் விதியை இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. பாதை குறுகலானது, ஆனால் இருக்கிறது. மசோதாவின் வாசகம் அந்தப் பாதைக்குள் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கப் பழகுங்கள்.

மூன்றாவது, கலிஃபோர்னியா தனக்குத் தானே கட்டிக்கொண்ட சுவர். வரியை உயர்த்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது அசெம்ப்ளியில் 54, செனட்டில் 27. மாநிலம் செலவிடக்கூடிய தொகைக்கு 1979இல் வந்த வரம்பு ஒன்று இருக்கிறது. 1988இல் வந்த 98ஆம் முன்மொழிவு, பொது வருவாயில் சுமார் 40 சதவீதத்தைப் பள்ளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. புதிய மருத்துவ வரியிலும் பள்ளிக்குப் பங்கு போய்விடாமலிருக்க அரசியல் சாசனத் திருத்தம் வேண்டும், அதற்கு மக்கள் வாக்கு வேண்டும். ஏபி 1400க்குத் துணையாக வந்த ஏசிஏ 11 என்ற திருத்தம் இதற்குத்தான். 20 லட்சம் டாலருக்கு மேல் வருவாய் உள்ள தொழில்களுக்கு 2.3%, 50 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ளவர்களுக்கு 1.25% சம்பள வரி, உயர் வருமானத்துக்குக் கூடுதல் வரி என்று அது கணக்கிட்டது. மசோதாவின் ஆண்டுச் செலவு 314 முதல் 391 பில்லியன் டாலர் வரை ஆகும் என்றார்கள் கமிட்டி ஆய்வாளர்கள். மாநிலத்தின் முழு பட்ஜெட்டைவிடப் பெரிய தொகை என்று தலைப்புச் செய்திகள் அலறின. இப்போது மக்களும் கம்பெனிகளும் அரசும் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கும் தொகையும் அதே அளவுதான் என்பதை அடுத்த வரியில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வரியைச் சொல்வது நம் பொறுப்பு.

சாக்ரமெண்டோவின் காலண்டர்

தலைநகர் சாக்ரமெண்டோவில் சட்டமன்றக் கூட்டத்தொடர் இரண்டாண்டு. மசோதாக்கள் பிப்ரவரிக்குள் அறிமுகமாகும். அசெம்ப்ளி மசோதா என்றால் முதலில் சுகாதாரக் கமிட்டி, பெரும்பாலும் ஏப்ரலில். அங்கே சிங்கிள் பேயர் கடந்துவிடும், 2024இலும் கடந்தது. எல்லோரும் கைதட்டி, படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். தயவுசெய்து அப்போது திரும்பாதீர்கள்.

அடுத்தது நிதிக் கமிட்டி. அசெம்ப்ளியில் ஆண்டுக்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவு வைக்கும் மசோதா எதுவானாலும் ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்ற கட்டுக்குள் போகும். மே மாதத்திலும் ஆகஸ்டிலும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலைவிதியைக் கமிட்டித் தலைவர் மடமடவென்று வாசித்துப் போவார். விவாதம் கிடையாது. நிறுத்திவைக்கப்படும் மசோதாவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. முடிவு முந்தைய வாரங்களில் தலைமையோடு பேசி எடுக்கப்பட்டிருக்கும். அதனால் மே நாடகத்துக்குப் போகும் கூட்டத்தைவிட ஏப்ரல் நடுவில் மூன்று பேரிடம் போகும் பத்துப் பேர் அதிகம் சாதிப்பார்கள். அந்த மூவர்: நிதிக் கமிட்டித் தலைவர், அவைத் தலைவர், உங்கள் தொகுதி உறுப்பினர். உங்கள் உறுப்பினர் கமிட்டியில் இல்லாவிட்டாலும் அவைத் தலைவரிடம், ‘இதை வெளியே விடுங்கள், நான் வாக்களிக்கத் தயார்’ என்று சொல்ல முடியும். அதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

சந்திப்பு, கடிதம், சாட்சியம்

தொகுதி அலுவலகத்தில் என் முதல் சந்திப்பு இருபது நிமிடம். பதினெட்டு நிமிடம் கனடாவையும் தைவானையும் விளக்கினேன். உதவியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?’ என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு வரி இல்லை. இப்போது அந்த வரியோடுதான் தொடங்குகிறேன்.

சந்திப்புக்கு நான்கைந்து பேர் போதும், எல்லோரும் அந்தத் தொகுதியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் கோரிக்கையைச் சொல்லட்டும். இன்னொருவர் தன் வீட்டுக் கதையைச் சொல்லட்டும். ஒரு நர்ஸ், ஒரு சிறுகடைக்காரர் வந்தால் மிக நல்லது. கடைசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். உறுப்பினர் மசோதாவைச் சேர்ந்து கொண்டுவருபவராக (கோ-ஆத்தர்) கையெழுத்திடுவாரா? சஸ்பென்ஸ் ஃபைலிலிருந்து விடச் சொல்லித் தலைமையிடம் பேசுவாரா? அவையில் வாக்கெடுப்பு வந்தால் எப்படி வாக்களிப்பார்? கடைசிக் கேள்விக்கு ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தால், எப்போது மறுபடி அழைக்கலாம் என்று தேதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். அன்றிரவே நன்றிக் கடிதம் எழுதி, அவர்கள் சொன்னதை அதில் பதிவு செய்யுங்கள். அந்த மின்னஞ்சல்தான் பின்னாளில் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

கமிட்டிக்கு அனுப்பும் கடிதத்தைச் சட்டமன்ற இணையதளத்தின் வழியே அனுப்பலாம். கமிட்டி மசோதாவை எடுக்கும் விசாரணைக்கு (ஹியரிங்) ஒரு வாரம் முன்பாவது அனுப்புங்கள், அப்போதுதான் ஆய்வுக் குறிப்பில் ஆதரவாளர் பட்டியலில் அமைப்பின் பெயர் ஏறும். ஒரே அச்சில் வார்த்த ஐநூறு கடிதங்களை உதவியாளர்கள் ஒன்றாக எண்ணுவார்கள். தனித்தனியாக எழுதிய முப்பதைத் தனித்தனியாகப் படிப்பார்கள்.

விசாரணையில் முதன்மைச் சாட்சிகள் இரண்டொருவருக்குத்தான் சில நிமிடம் கிடைக்கும். மற்றவர்கள் மைக் முன்னால் வரிசையாக வந்து பெயர், ஊர், அமைப்பு, ஆதரவு என்று மட்டும் சொல்லலாம். பத்து நொடிதான் என்று அலட்சியம் வேண்டாம். வரிசை சுவரைச் சுற்றி வளைந்து கதவுக்கு வெளியே நீண்டால் கமிட்டி உறுப்பினர்கள் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். புடவையிலும் வேட்டியிலும் வந்து நின்ற எங்கள் ஊர்ப் பாட்டி தாத்தாக்களைப் பார்த்து நிமிர்ந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கதையைச் சொல்லும்போது நோயின் முழு வரலாறும் வேண்டாம். ஒரு நாள், ஒரு பில், ஒரு முடிவு போதும். ‘இன்சுலினுக்கு இவ்வளவு கட்டினேன், அதனால் மகளின் பல் சிகிச்சையை ஓராண்டு தள்ளினேன்’ என்று சொன்னால் அது மனத்தில் நிற்கும்.

நம் மக்களிடம் பேசுவது

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இதில் இடம் இல்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வாக்களிக்க முடியாது, உண்மை. ஆனால் உறுப்பினரைச் சந்திக்கலாம், கடிதம் எழுதலாம், கமிட்டியில் பேசலாம். எச்-1பி, மாணவர் விசாவில் உள்ளவர்கள் வேட்பாளர்களுக்கும் தேர்தல் பிரசாரங்களுக்கும் பணம் தரக் கூடாது, இதில் கவனமாக இருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் தரலாம்.

தமிழ்ச் சங்கங்களும் கோவில்களும் பெரும்பாலும் 501(சி)(3) என்ற வரிவிலக்கு பெற்ற லாபநோக்கற்ற அமைப்புகள். ‘நாங்கள் அரசியல் பேசக் கூடாது’ என்று பொறுப்பாளர்கள் ஒதுங்குவார்கள். வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ அடியோடு கூடாது. மசோதாவை ஆதரித்துக் கடிதம் தருவது அமைப்பின் மொத்த வேலையில் சிறு பங்காக இருக்கும் வரை அனுமதிக்கப்பட்டதுதான். தங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள், பயம் தெளியும்.

டாக்டர்களிடம் தனியாகப் பேச வேண்டும். கலிஃபோர்னியா மருத்துவச் சங்கம் இந்த மசோதாக்களை எதிர்த்திருக்கிறது. கட்டணம் மெடிகேர் அளவுக்கு இறங்கிவிடும் என்பது அவர்களின் அச்சம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே டாக்டரிடம், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி வாங்க வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது, பில்லிங்குக்கு எத்தனை பேர் வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல விடுங்கள். நர்ஸ்களை யாரும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. எஸ்பி 562 முதல் ஏபி 2200 வரை முன்னால் நின்றது கலிஃபோர்னியா நர்ஸ் சங்கம்தான்.

‘என் கம்பெனி இன்ஷூரன்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லும் நண்பரிடம் வாதாட வேண்டாம். வேலை போனால் அது எத்தனை நாள் இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். இந்தச் சில ஆண்டுகளில் ஐடியில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர் இல்லை.

கேட்பார்கள், பதில் வைத்திருங்கள்

‘கனடாவில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களே?’ ஆம், நிபுணர்களுக்கும் சில அறுவை சிகிச்சைகளுக்கும் காத்திருக்கிறார்கள். மறுக்காதீர்கள். தைவானில் அதே ஒற்றை நிதி முறையில் அந்தளவுக் காத்திருப்பு இல்லை. எத்தனை டாக்டர்கள், எத்தனை படுக்கைகள், எவ்வளவு பணம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. இங்கே காப்பீடு இல்லாதவர் காத்திருப்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

‘இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்பவர்கள்?’ வேலை போகும். மறுவேலைப் பயிற்சிக்கும் இடைக்கால ஊதியத்துக்கும் மசோதாவில் பணம் ஒதுக்கப்பட வேண்டும். அது இல்லாத மசோதாவில் அதைச் சேர்க்கச் சொல்லி நாமே கேட்க வேண்டும். நம்மவர்கள் பலர் அந்தக் கம்பெனிகளின் கிளெய்ம் மென்பொருளில் வேலை செய்கிறார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

‘மிச்சமாகும் என்பதற்கு என்ன ஆதாரம்?’ மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் போலின் குழு 2017இல் எஸ்பி 562ஐ ஆராய்ந்தது. எல்லோருக்கும் காப்பீடு தந்தால் செலவு 404 பில்லியனாக ஏறும், ஒற்றை நிதியின் சிக்கனத்தால் 331 பில்லியனாக இறங்கும் என்றது. அதை நர்ஸ் சங்கம் கேட்டுச் செய்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நாம் மறைத்து அவர்கள் கண்டுபிடித்தால் மற்ற எண்களும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

நமக்குள் ஒரு சண்டை

2023இல் மாநில செனட்டர் ஸ்காட் வீனரின் எஸ்பி 770 சட்டமானது. வெய்வருக்காக மத்திய அரசோடு பேசுவதற்கான வரைவை மாநிலச் சுகாதாரத் துறை தயாரிக்க வேண்டும் என்கிறது அது. இதற்கு முன்பே மாநிலம் நியமித்த ஆணையம் ஒன்று 2022 ஏப்ரலில் அறிக்கை தந்துவிட்டது. இன்னொரு அறிக்கை எதற்கு, இது காலம் கடத்தும் வேலை என்று நர்ஸ் சங்கம் எதிர்த்தது. வேறு ஆதரவாளர்கள் முழு மனத்தோடு ஆதரித்தார்கள். நெடுநாள் தோழர்கள் கமிட்டி அறையில் எதிரெதிர் வரிசைகளில் நின்றார்கள்.

என் கருத்தில் இரண்டும் வேண்டும். வெய்வர் வேலை இல்லாமல் மசோதா முதல் சுவரிலேயே முட்டி நிற்கும். மசோதா இல்லாமல் வெய்வர் வேலை அலமாரியில் தூங்கும். ஆரிகன் மாநிலத்தைப் பாருங்கள். 2022இல் அம்மக்கள் மருத்துவம் பெறுவதை மாநில அரசியல் சாசனத்திலேயே உரிமையாக எழுதினார்கள், மிகச் சிறிய வித்தியாசத்தில். அடுத்த ஆண்டு திட்டத்தை வடிவமைக்கத் தனி ஆட்சிக்குழு அமைத்தார்கள். மெதுவாகத்தான் போகிறார்கள், ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கெடுப்பு நடந்து, யார் எங்கே நின்றார் என்று பதிவாகியிருக்கிறது.

சஸ்பென்ஸ் நாளுக்கு மறுநாள்

மசோதா நிறுத்தப்பட்ட மறுநாள் காலை எல்லோரும் சோர்ந்திருப்பார்கள். அன்றுதான் தொலைபேசியை எடுக்க வேண்டும். உறுப்பினரின் அலுவலகத்தை அழைத்து, ‘இதை வெளியே விடச் சொல்லி அவர் தலைமையிடம் பேசினாரா?’ என்று கேளுங்கள். பதில் ஆம் என்றால் நன்றி சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லை என்றாலும், தெரியாது என்றாலும் அதையும் அப்படியே குறியுங்கள். தொகுதியின் டவுன் ஹால் கூட்டம் எப்போது என்று கேட்டு, அந்தக் குறிப்போடு அங்கே போய், எல்லோர் முன்னிலும் அதே கேள்வியை மரியாதையாகக் கேளுங்கள்.

புதிய கூட்டத்தொடர் இரட்டைப்படை ஆண்டு டிசம்பரின் முதல் திங்கட்கிழமை தொடங்குகிறது. நவம்பர் தேர்தல் முடிந்த வாரத்தில் வென்றவர்கள் எல்லோரும் ஊரில்தான் இருப்பார்கள், அலுவலகங்களில் கூட்டம் இருக்காது. அந்த வாரத்துக்கு இப்போதே நேரம் கேட்டு எழுதிவிடுங்கள். கூட வரப்போகும் நான்கு பேர் யார் என்பதையும், யாருடைய பில்லை எடுத்துப் போகப்போகிறீர்கள் என்பதையும் இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள்.